அட்டைக்கு அடியில் இருந்த பெயர்

தேரன்று எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது, மேடம். நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று வெளியே சொன்னார்கள், அதனால் சொல்கிறேன். வரதராஜப் பெருமாள் தேர் கிளம்புவதற்கு முன்பே லைன்மேன் வந்து பீஸைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவார். தேர் உச்சி ஒயரில் இடித்துவிடக் கூடாது இல்லையா. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வீடுகளில் ஃபேன் சுற்றும். சின்ன காஞ்சிபுரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அப்படியிருக்க, பேப்பரில் மின்கசிவால் தீ விபத்து என்று போட்டிருக்கிறார்கள். இந்த ஸ்டேஷனில் சொன்னதைத்தான் பேப்பரில் போட்டிருப்பார்கள். கரண்டே இல்லாத நேரத்தில் எங்கிருந்து கசியும்? நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. மண்டையைப் பிளக்கிற வெயில், ஊர் கொள்ளாத கூட்டம், உங்களுக்கும் அன்றைக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். ஆனால் தப்பாக எழுதியதைத் தப்பாகவே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் சுகாசினி. அம்மா கங்கையம்மாள். சாயப் பட்டறையில் நூல் அலசுவாள், மற்ற நேரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். செத்துப்போன நஸ்னீன், காஜா பாயின் மகள். காஜா பாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழிந்த பட்டுப் புடவைகளை வாங்கி, ஜரிகையைப் பிரித்து, அதிலிருந்து வெள்ளி எடுக்கிற வியாபாரம். நானும் நஸ்னீனும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்பினோம். அவள் டிபன் பாக்ஸை நான் திறப்பேன், என்னுடையதை அவள் திறப்பாள். எங்கள் அப்பா இறந்தபோது அவள்தான் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவளிடம் இருந்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஒருதலைப்பட்சமாகப் பேசினேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

படிப்பு முடிந்ததும் காஜா பாய் தன்னுடைய பழைய குடோன் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். அதுதான் நீங்கள் பார்த்த அந்த இடம். ஒற்றைக் கதவு. ஜன்னல்களுக்கெல்லாம் குரங்குக்குப் பயந்து கம்பி வலை அடித்திருந்தது. அதில் அச்சு இயந்திரம் ஒன்றை வைத்தோம். படம் வரைந்து, ஏனாத்தூர் போகிற வழியில் லேத் பட்டறைக்காரரிடம் பத்து முறை நடந்து, அதைச் செய்து வாங்கியவள் நான். இரண்டு உருளை, நடுவில் ஒரு இரும்புப் பலகை, பக்கத்தில் பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்தைச் சுற்றுவதற்கு வலு வேண்டும். நஸ்னீனுக்கு மணிக்கட்டு மெல்லியது. ஆகையால் சுற்றுவது என் வேலை என்று ஆயிற்று.

நாங்கள் செய்த வேலைக்கு மோனோடைப் என்று பெயர். வழவழவென்ற தகட்டின் மேல் எண்ணெய் மையை உருட்டிப் பரப்புவோம். நஸ்னீன் அதன்மேல் பழைய புடவையின் பார்டர் துண்டுகளை, ஜரிகை பிரித்த நூலை, தறியில் மிஞ்சிய பாவு நூல் கழிவை எல்லாம் வைப்பாள், எடுப்பாள், விரலில் துணி சுற்றி மையைத் துடைப்பாள். துடைத்த இடம் வெளிச்சம், விட்ட இடம் இருட்டு. பிறகு நனைத்த காகிதத்தை மேலே போட்டு, கம்பளித் துணி போட்டு மூடி, நான் சக்கரத்தைச் சுற்றுவேன். காகிதத்தை உரித்தால் படம். அவ்வளவுதான், ஒன்றே ஒன்று. அதே படம் மறுபடி வராது. சேலை நெய்கிற ஊரில் அப்படி ஒன்றை யார் செய்வார்கள் என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். ஒரு டிசைன் போட்டால் ஓராயிரம் வர வேண்டும் என்று நினைக்கிற ஊர் இது.

ஆனால் முதல் காகிதத்தை எடுத்த பிறகும் தகட்டில் கொஞ்சம் மை மிச்சம் இருக்கும். அதன்மேல் இன்னொரு காகிதம் போட்டால் மங்கலாக ஒன்று வரும். கல்லூரியில் அதை கோஸ்ட் என்பார்கள். நாங்கள் பேய் என்போம். முதல் அச்சு நஸ்னீனுக்கு, பேய் எனக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். பேயை எடுத்துக்கொண்டு நான் அம்மாவின் சாயப் பட்டறைக்குப் போவேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயக் கலர், எது தொட்டியில் மிஞ்சியிருக்கிறதோ அதை ஒரு செம்பில் வாங்கி வந்து அந்த மங்கல் படத்தின்மேல் விடுவேன். எண்ணெய் மை இருக்கிற கோட்டில் சாயம் ஒட்டாது, விலகி ஓடும். மற்ற இடமெல்லாம் குடிக்கும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு, மை எவ்வளவு காய்ந்த பிறகு, என்று பிடிபடுவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. எத்தனை காகிதம் பாழ். ஒருநாள் சரியாக வந்தபோது நஸ்னீன் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். பிறகு, "என்னோடது வெறும் ஆரம்பம்தான் சுகா, உன்னுதுதான் படம்" என்றாள். அதை அவள் வாயால் சொன்னாள், மேடம். நான் கற்பனை செய்து சொல்லவில்லை.

அந்தப் படங்களின் கீழ் ஓரத்தில், மை படாமல் வெள்ளையாக விட்ட இடத்தில், பென்சிலால் என் பெயரை எழுதுவேன். அவளுடையதில் அவள் எழுதுவாள். அதுதான் முறை.

இரண்டு விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்பீர்கள். ஒன்று, கதவு. உள்தாழ்ப்பாள் என்றைக்கோ கழன்றுவிட்டது. கோவில் குரங்குகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஒருமுறை வந்து மை டப்பாவைக் கவிழ்த்து, ஒரு மாத வேலையின்மேல் குதித்து விளையாடிவிட்டுப் போயின. அதிலிருந்து யார் வெளியே போனாலும் வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவது வழக்கம். உள்ளே இருப்பவள் போன் செய்வாள், மற்றவள் வந்து திறப்பாள். எங்கள் வீடு அடுத்த சந்துதான். பெரும்பாலும் உள்ளே இருப்பது அவள், வந்து திறப்பது நான்.

இன்னொன்று, துணி. மை துடைக்கிற துணியெல்லாம் ஆளிவிதை எண்ணெயில் ஊறியிருக்கும். அந்தத் துணியைச் சேர்த்துக் குவிக்கக் கூடாது. குவித்தால் அது தானாகச் சூடேறும், யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை. கல்லூரியில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். அதனால் சாயங்காலம் அத்தனை துணியையும் பின்பக்கம் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும். அதைச் செய்ததும் நான்தான். நஸ்னீனுக்கும் தெரியும், ஆனால் செய்ய மாட்டாள். கை கழுவிக்கொண்டு போய்விடுவாள். நான் பார்த்துக்கொள்வேன் என்று அவளுக்கு நம்பிக்கை.

போன வருஷம் சென்னையிலிருந்து படக் கண்காட்சி வைக்கிற காலரிக்காரர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. படங்களைப் பார்த்தார். பேய்ப் படங்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். மாசியில் கண்காட்சி என்று முடிவாயிற்று. ஃப்ரேம் போட வேண்டும் என்று நஸ்னீன் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். முதல் நாள் வெறும் பேச்சுதான் இருக்கும், போரடிக்கும், கடைசி நாள் சேர்ந்து போகலாம் என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் படங்களைச் சுவரில் பார்க்க ஆசை. திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பிடிக்குமே என்று கோவில் இட்லி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நல்ல இடம். ஏசி, வெள்ளைச் சுவர், ஒவ்வொரு படத்துக்கும் தனி விளக்கு. என்னுடைய படங்கள்தான் முதல் சுவரில் இருந்தன. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். கீழே என் பெயர் இல்லை. ஃப்ரேமுக்குள் படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை அட்டை வைப்பார்கள். அந்த அட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றி வெட்டியிருந்தார்கள். நான் பெயர் எழுதிய ஓரம் அட்டைக்கு அடியில் போய்விட்டது. சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் ‘நஸ்னீன். காகிதத்தின்மேல் மோனோடைப், சாயம்’ என்று இருந்தது. எல்லாப் படத்துக்கும் அப்படியே. நான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன், ஒன்றிலாவது தவறிப்போய் என் பெயர் தெரிகிறதா என்று.

அப்போது அந்தக் கோடியில் நஸ்னீன் நாலைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய் இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது, அந்தச் சூட்டைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று. நான் சொல்கிற அதே வரிசையில், நான் கையைக் காட்டுகிற மாதிரியே கையைக் காட்டி. ஒரு பெண்மணி, இவ்வளவையும் தனியாகவா செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஊர்ல ஒரு ஹெல்ப் இருக்காங்க. மிஷின் சுத்துறதுக்கு" என்றாள் நஸ்னீன்.

மேடம், எங்கள் அம்மா தேய்த்த நாலு வீட்டிலும் அம்மாவுக்கு அதுதான் பெயர். வீட்டுக்கு வந்தவர்களிடம், உதவிக்கு ஒரு பொம்பளை வருகிறாள் என்பார்கள். அம்மாவின் பெயர் அந்த வீடுகளில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். நான் படித்ததே அந்தச் சொல் என்மேல் விழக் கூடாது என்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டவள், எங்கள் அப்பா செத்த வீட்டில் என்னோடு படுத்துக்கொண்டவள், அந்தச் சொல்லை எடுத்து என்மேல் போட்டாள்.

நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டேன். இட்லியை ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பஸ்ஸிலேயே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் சண்டை போட்டால் அவள் அழுவாள், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். எப்போதும் அப்படித்தான் முடியும். அதனால் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அவளாகவே என்னிடம் சொல்லட்டும், முழுசாகச் சொல்லட்டும், சொன்னால் விட்டுவிடலாம் என்று எனக்குள் முடிவு செய்தேன். கடைசி நாள் சேர்ந்து போகலாம் என்றதை அவள் மறுபடி எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போனேன். சக்கரம் சுற்றினேன். துணி காயப்போட்டேன். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்த நாட்களில்தான் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் துணியைப் போட்டுப் பார்த்தேன். எதையும் முதலில் சின்னதாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் பெரிதாகச் செய்ய வேண்டும், எங்கள் தொழிலில் அது பழக்கம். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை, சாயங்காலம் போட்டதில் மறுநாள் மத்தியானத்துக்குள் புகை வந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன். அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் செய்தேன்.

சித்திரை கடைசியில் அவள் சொன்னாள். மை உருட்டிக்கொண்டிருந்தவள் உருளையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னு சொல்லணும், கோவிச்சுக்காத. ஃப்ரேம் போட்டவன் உன் பேர மறைச்சிட்டான். காலரிக்காரரு ஒரே பேரா இருந்தாத்தான் எடுபடும்னாரு. நான் வாயத் தொறந்து கேட்டிருக்கணும், கேக்கல. ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டுது. அடுத்த ஷோ உன்னுது மட்டும்தாம்மா. அவருகிட்டயே சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நான் சமாதானம் சொன்னேன். போனால் போகட்டும் விடு என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள், நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த இன்னொன்றைச் சொல்வாள் என்று. ஹெல்ப் என்று சொன்னதை. அட்டையை ஃப்ரேம்காரன் வெட்டினான், பெயரைக் காலரிக்காரர் எடுத்தார், சரி. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது, அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மை உருட்டப் போய்விட்டாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பாதியை முழுங்கிவிட்டாள். பாதி சொன்னவளை மன்னித்தால் மீதிப் பாதி என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். அன்றைக்குத்தான் எனக்குள் அது தீர்மானமாயிற்று. சொல்லப்போனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

தேர் நாளை ஏன் எடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு வண்டி எதுவும் சின்ன காஞ்சிபுரத்துக்குள் நுழைய முடியாது. மேளம், வேட்டு, கோவிந்தா சத்தம், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. தெருவில் இருக்கிறவர்களெல்லாம் தேரடிக்குப் போய்விடுவார்கள். நஸ்னீன் வீட்டாருக்குத் தேர் பார்க்கிற வேலை இல்லை. மறுநாள் காலரிக்காரர் வருவதாக இருந்தது, அதனால் அவள் வேலை செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் நான் துணிகளைக் கொடியில் போடவில்லை. அவ்வளவுதான் செய்தேன். காயப்போடாமல், ஒரு சாக்கில் திணித்து, கதவுக்குப் பக்கத்தில் காகித அலமாரியின் கீழே வைத்தேன். பக்கத்தில் மை கரைக்கிற டர்பன்டைன் டின் எப்போதும் இருக்கிறதுதான். மேலே நூல் கழிவைப் போட்டு மூடினேன். துணியை யார் எங்கே வைக்கிறார்கள் என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

தேரன்று காலையில் அவளோடு இருந்தேன். கரண்ட் இல்லாமல் உள்ளே புழுங்கியது. அவள் தகட்டைத் துடைத்துக்கொண்டே, இன்றைக்கு உருட்டுவதெல்லாம் உனக்காகத்தான், எல்லாத் தகட்டிலும் மை கூடுதலாக விடுகிறேன், பேய் நன்றாக வரும், நாளைக்கு அவரிடம் காட்டலாம் என்றாள். அப்படிச் சொன்னாள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஒரு தகட்டில்கூட மை மிஞ்சவில்லை, பார்ப்பதற்கு.

"நீ போய்த் தேர் பாத்துட்டு வா, சுகா. இங்க நானு பாத்துக்கிறேன்" என்றாள்.

நான் வெளியே வந்து, வழக்கம்போல வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். குரங்குகள் வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து அன்றைக்குக் கூரைமேல் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. போடாமல் வந்திருந்தால்தான் தப்பு.

எங்கள் தெருக்காரர்கள் முனையில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். நானும் நின்று ஊற்றினேன். வெயிலில் வந்த சனம், பாவம், குடித்துவிட்டு மறுபடி கையை நீட்டும். வயசானவர்களுக்கு நானே டம்ளரைக் கையில் கொடுத்தேன். மத்தியானம் நெருங்கும்போது இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தேன். நஸ்னீன். மறுபடி சொருகிக்கொண்டேன். நின்றது, மறுபடி அதிர்ந்தது. பக்கத்தில் எல்லம்மாள் அக்கா மோர் கலக்கிக்கொண்டிருந்தது.

"போனு அடிச்சிக்கினே இருக்குதேம்மா, எடுக்கலாமில்ல" என்றது.

"லோன் வேணுமான்னு கேக்கிறவன்க்கா, வேற வேலை இல்ல அவனுக்கு" என்றேன். அக்கா சிரித்தது. நான் அடுத்த டம்ளரை எடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் நின்றுவிட்டது.

புகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் ஓடியபோது நானும் ஓடினேன். தாழ்ப்பாளைத் திறந்தது யாரோ நெசவுக்காரர், கையெல்லாம் வெந்துவிட்டது அவருக்கு. தீயணைப்பு வண்டி வந்து தேருக்குப் பின்னால் நின்றுவிட்டது, அவர்கள்மேல் தப்பில்லை. நஸ்னீன் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள். வலையைப் பிடித்து இழுத்ததில் விரலெல்லாம் கிழிந்திருந்தது. என் இயந்திரம் மட்டும் அப்படியே நின்றது. லேத்துக்காரர் நல்ல இரும்பு போட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் அவளுக்காக வீட்டில் ஃபாத்திஹா ஓதியபோது போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. நஸ்னீனின் அம்மா உம்முசல்மா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். "என் பிள்ளை போய்ட்டா, நீ இருக்கிறியேம்மா எனக்கு" என்றார். தட்டில் சோறு வைத்து, சாப்பிடாமல் போனால் அவள் வருத்தப்படுவாள் என்றார். சாப்பிட்டேன். காஜா பாய் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையாவது நினைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவரும் எழுந்து வந்து, வீட்டுக்கு அடிக்கடி வந்து போ என்றுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம்தான் பேப்பரைப் பார்த்தேன். மின்கசிவு. அதோடு கடைசி வரியில், ஓவியரின் உதவியாளர் சுகாசினி கதறி அழுதார் என்றும் போட்டிருந்தார்கள். உதவியாளர். நான் அங்கே கதறவும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். என் படத்தை அவள் பேரில் மாட்டினார்கள், பொறுத்துக்கொண்டேன். இதையும் ஒரு ஒயரின் பேரில் போட்டுவிடுவார்களா? இது தானாக நடந்தது இல்லை, மேடம். நாள் பார்த்து, நேரம் பார்த்து, சின்னதாகச் செய்து பார்த்துவிட்டுப் பெரிதாகச் செய்தது. நஸ்னீனைக் கொன்றது நான். துணியைக் குவித்து வைத்தது நான், தாழ்ப்பாள் போட்டது நான், போனை எடுக்காமல் இருந்தது நான். என் பெயரை முழுசாக எழுதுங்கள். சுகாசினி. உதவியாளர் என்று போடாதீர்கள்.

துரோகம் செய்தது யார் என்று பார்த்தால் அவள்தான். நான் அவளைப் போல மறைக்கவில்லை. வந்து உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பாதியை முழுங்கவில்லை.

என் போனைத்தான் கேட்டீர்களே, இதோ. கூப்பிட்ட நேரமெல்லாம் அதில் இருக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. பயம் ஒன்றும் இல்லை, கேட்பதற்கு என்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். திட்டியிருப்பாள், இல்லாவிட்டால் கெஞ்சியிருப்பாள். போடுங்கள், கேட்கலாம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், மேளச் சத்தம் அதிகமாக இருந்திருக்கும்.

"சுகா, நீ ஓடியாந்துக்கினு இருப்பே, எனக்குத் தெரியும். தனியா கதவத் தொறந்துடாதம்மா. தீ கதவாண்டதான் இருக்குது, தொறந்தா உம்மேல வந்துடும். யாராச்சும் ரெண்டு பேரக் கூட்டிக்கினு வா. நானு பின்னாடி ஜன்னலாண்ட இருக்கிறேன். பாத்து வா, சுகா."

கேட்டீர்களா, மேடம். அந்த நேரத்திலும் எனக்கு வேலைதான் சொல்லியிருக்கிறாள்.